அபாயம் இருக்கும் இடம்: பெண்டிர் மீதான பாலியல் வன்முறையும் பொதுச் சுகாதாரமும்

தேசியக் குடும்ப நல ஆய்வின் பொருட்டு வீடு வீடாகச் செல்லும் பெண் விசாரணையாளர்கள் ஒரு விதியை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்குப் போடப்பட்ட தடுப்பூசி, குடிநீர் வரும் வழி, அடுப்புக்குப் பயன்படும் எரிபொருள் முதலியவற்றைப் பற்றி மாமியாரும் நாத்தனாரும் அருகில் அமர்ந்திருக்கும்போதே கேட்கலாம். ஆனால், வினாத்தாளின் ஒரு குறிப்பிட்ட பகுதி வந்தவுடன், அந்த வீட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஒரு பெண்ணிடம், வேறு எவர் காதிலும் விழாத இடத்தில் மட்டுமே பேச வேண்டும். தனிமை கிட்டாவிடில் அப்பகுதியையே கேட்காமல் விட்டுவிட வேண்டும். ஒரு வீட்டில் இரு பெண்கள் இருந்தால் இருவரிடமும் அக்கேள்விகளைக் கேட்பதில்லை. ஒருத்தி கூறியதை மற்றொருத்தி அறிந்தால், விசாரணையாளர் விடைபெற்றுச் சென்ற பின்னர் அவ்வீட்டில் என்ன நேரும் என்று சொல்வதற்கில்லை என்பதே காரணம்.

பெண்கள் மீது நிகழும் வன்முறையைப் பற்றிய கேள்விகளே அப்பகுதியில் அடங்கியுள்ளன. 2005-06ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற மூன்றாவது ஆய்வில் இக்கேள்விகள் விரிவான முறையில் சேர்க்கப்பட்டன. 2015-16இலும், பின்னர் 2019-21இலும் அவை மீண்டும் கேட்கப்பட்டன. ஐந்தாவது ஆய்வில் 70,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் இவ்வாறு தனியே பேசப்பட்டது. கேள்வி கேட்பதற்கே இத்தனை காவல் தேவைப்படுகிறது. ஆய்வு பின்னர் கண்டுபிடித்த உண்மையின் சாயல் அக்காவலிலேயே தென்படுகிறது எனலாம்.

இரு வேறு கணக்குகள்

பாலியல் வன்முறை என்றவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுண்டு. இருண்ட சாலை, ஆளரவமற்ற இடம், முன்பின் அறியாத ஒருவன். இச்சித்திரம் பொய்யன்று. அத்தகைய கொடுமைகள் நிகழ்ந்திருக்கின்றன. நாட்டையே உலுக்கியும் இருக்கின்றன. எனினும், புள்ளி விவரங்கள் காட்டும் சித்திரம் பெரிதும் வேறானது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 31,516 பலாத்கார வழக்குகள் பதிவாயின. குற்றம் சாட்டப்பட்டவன் அப்பெண்ணுக்கு ஏற்கனவே அறிமுகமானவனாக இருத்தல் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் காணப்படுகிறது. உறவினன், அண்டை வீட்டான், வேலை தருபவன், மணப்பதாக வாக்களித்தவன் என்றிவ்வாறு அப்பட்டியல் நீளுகிறது. ஆண்டுதோறும் எண்கள் சிறிது மாறினாலும் இந்த விகிதம் மாறுவதில்லை.

குடும்ப நல ஆய்வின் கணக்கோ போலீஸ் நிலையத்துக்கு வராதவர்களையும் உட்கொண்டது. 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 6 பேர் தம் வாழ்நாளில் எப்போதேனும் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக ஐந்தாவது ஆய்வில் தெரிவித்தனர். இந்நாட்டின் ஜனத்தொகையை நோக்கும்போது இது ஏறத்தாழ 2 கோடிப் பெண்களைக் குறிக்கும். முன்னது ஓராண்டுக் கணக்கு, பின்னது வாழ்நாள் கணக்கு. ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடலாகாது. அவ்வாறு எச்சரிக்கையோடு நோக்கினும் இடையிலுள்ள பள்ளம் மிக ஆழமானது. மணமான பெண்களில் இத்துன்பத்துக்கு ஆளானவர்கள் யாரைச் சுட்டினர் என்பதை நோக்கினால் அப்பள்ளத்தின் காரணம் புலனாகும். நூற்றுக்கு 82 பேர் தற்போதைய கணவனையும், 14 பேர் முன்னாள் கணவனையும் குறிப்பிட்டனர்.

உடல் வழியாகவோ பாலியல் வழியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் நூற்றுக்கு 14 பேர் மட்டுமே. 77 பேர் உதவியும் நாடவில்லை, எவரிடமும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. விசாரணையாளரிடம் கூறியதே அவர்களுள் பலருக்கு முதல் முறையாக இருந்திருக்கும்.

அபாயக் காரணி என்பது யாது?

இப்பொருளை நீதிமன்றத்துக்கும் காவல் துறைக்கும் உரியதெனக் கருதும் வழக்கமே நெடுநாள் இருந்து வந்தது. 1996ஆம் ஆண்டில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவை, வன்முறையை உலகின் முதன்மையான பொதுச் சுகாதாரப் பிரச்னைகளுள் ஒன்றென அறிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் தொடர்ச்சியாக 2002இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கையில் பாலியல் வன்முறைக்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கப்பட்டது. அந்த ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் கணவன் அல்லது துணைவனின் வன்முறைக்கோ, பிறரது பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார். இத்தனை பேரைப் பற்றும் காய்ச்சல் ஒன்று இருந்தால் அதற்கெனத் தனி இலாகாவே தோன்றியிருக்கும்.

பொதுச் சுகாதாரத் துறை இதில் தலையிடும்போது தன்னுடைய பழைய கருவியொன்றை உடன் கொண்டு வருகிறது. அதுவே அபாயக் காரணி என்னும் கருத்து. அமெரிக்காவின் மாஸசூஸட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 1948இல் தொடங்கிய இருதய நோய் ஆராய்ச்சியே இக்கருத்தை உலகறியச் செய்தது. புகை பிடித்தல், மிகுந்த இரத்த அழுத்தம், இரத்தத்தில் கொழுப்பு ஆகியவை உள்ளோரிடையே மாரடைப்பு அதிகமாகக் காணப்பட்டது. புகை பிடிப்போர் அனைவருக்கும் மாரடைப்பு வருவதில்லை; புகையே அறியாதவருக்கு வராமலும் இல்லை. காரணி இருக்குமிடத்தில் நோயின் வாய்ப்பு கூடுகிறது என்பதே பொருள். அதை விதி என்றோ சாபம் என்றோ கொள்ளலாகாது.

பாலியல் வன்முறையைப் பொறுத்த வரையில் இச்சொல்லைக் கையாளும்போது மற்றொரு கவனமும் வேண்டும். மாரடைப்பில் நோயாளியும் காரணியைத் தாங்கியவரும் ஒருவரே. இங்கு அவ்வாறில்லை. தீங்கு செய்பவன் ஒருவன், தீங்குற்றவள் மற்றொருத்தி. பெண்ணின் உடை, அவள் வெளியே சென்ற நேரம், அவள் சிரித்த சிரிப்பு ஆகியவற்றைக் காரணிகளாகக் கொள்வது விஞ்ஞானமாகாது. குற்றவாளியின் வழக்குரைஞர் பேசும் வாதமே ஆகும். ஒரு பெண்ணிடம் காணப்படும் நிலைமை அபாயத்தைக் கூட்டுவதாக ஆராய்ச்சி கூறும்போது, அந்நிலைமையில் உள்ளவளைத் துன்புறுத்துவது எளிது, துன்புறுத்தியவன் தப்புவதும் எளிது என்பதே அதன் கருத்து. உடல் ஊனமுற்ற பெண்கள், வறியோர், பட்டியல் சாதிகளைச் சேர்ந்த பெண்கள், சிறு வயதிலேயே மணம் செய்விக்கப்பட்டவர்கள் ஆகியோரிடையே வன்முறை மிகுந்து காணப்படுவதை இவ்வாறே விளங்கிக் கொள்ள வேண்டும்.

ஆடவரிடம் கேட்டபோது

அபாயம் தீங்கு செய்பவனிடம் இருப்பதானால், அவனிடமே கேட்பதுதான் முறை. ஐக்கிய நாட்டு ஸ்தாபனங்கள் கூடி நடத்திய ஓர் ஆராய்ச்சியில் இது செய்யப்பட்டது. வங்காள தேசம், கம்போடியா, சீனா, இந்தோனேஷியா, பப்புவா நியூ கினி, இலங்கை ஆகிய ஆறு நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட ஆடவர்களை விசாரித்து 2013இல் அதன் முடிவுகள் வெளியிடப்பட்டன. பலாத்காரம் என்ற சொல்லைக் கேள்விகளில் ஆளவில்லை. இன்ன செயலைச் செய்ததுண்டா என்று மட்டும் கேட்கப்பட்டது. செய்ததாக ஒப்புக்கொண்டவர்களிடம் காரணம் வினவியபோது, பத்தில் ஏழு பேருக்கு மேல் கூறிய பதில், அது தமக்குரிய உரிமை என்பதே. குடிபோதையில் செய்ததாகக் கூறியவர்கள் அதைவிட மிகக் குறைவு. பாதிக்கு மேற்பட்டவர்கள் தம் முதற் செயலை 20 வயதுக்கு முன்னரே செய்திருந்தனர். அடக்க முடியாத வேட்கையே இதற்கு மூலம் என்னும் பழைய கொள்கை, சம்பந்தப்பட்டவர்களின் வாய்மொழியாலேயே அடிபட்டுப் போயிற்று.

இளமையில் அடியும் அவமானமும் பட்டு வளர்ந்தவர்கள், தாய் அடிபடுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் ஆகியோரிடம் இச்செயல் மிகுதியாகக் காணப்பட்டது. இந்தியாவின் குடும்ப நல ஆய்வும் மறு பக்கத்திலிருந்து இதையே காட்டுகிறது. தந்தை தாயை அடித்ததை அறிந்த பெண்கள், அவ்வாறு அறியாத பெண்களைக் காட்டிலும் மிகுதியாகத் தம் கணவரின் வன்முறைக்கு உள்ளாகின்றனர்.

மது, படிப்பு, வேலை

இந்திய ஆய்வில் எல்லாவற்றினும் தெளிவாகத் தென்படும் காரணி மதுவாகும். அடிக்கடி குடித்து வெறிக்கும் கணவரை உடைய பெண்களில் நூற்றுக்கு 70 பேர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்துள்ளனர். குடிப்பழக்கமே இல்லாத கணவரை உடையவர்களில் இவ்விகிதம் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மூன்று மடங்கு வேறுபாடு சாதாரணமானதன்று. ஆயினும் அந்தக் கால் பங்கை மறந்துவிடலாகாது. குடியை அறவே ஒழித்துவிட்டாலும் குடிக்காதவன் கை நீட்டுவது நிற்கப் போவதில்லை. மது கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது. எதைச் செய்யலாம் என்ற எண்ணத்தை அது புதிதாக உண்டாக்குவதில்லை.

படிப்பு காப்பளிக்கிறது. பள்ளிக்கே செல்லாத பெண்களில் நூற்றுக்கு 40 பேர் உடல் வன்முறைக்கு ஆளாகியிருக்க, 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களில் 18 பேரே ஆளாகியிருந்தனர். ஆனால் மாநில வாரியாக நோக்கும்போது கணக்கு நேர்கோட்டில் செல்வதில்லை. ஐந்தாவது ஆய்வில், கணவரின் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறிய மணமான பெண்கள் கர்நாடகத்தில் நூற்றுக்கு 44 பேர், பீகாரில் 40, பெண் கல்வியில் பீகாரைவிட வெகுவாக முன்னேறிய தமிழ்நாட்டில் 38. ஹிமாசலப் பிரதேசத்திலோ பத்துக்கும் குறைவு. கர்நாடகத்தின் எண் முந்தைய ஆய்வில் இதில் பாதிக்கும் குறைவாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். துன்பம் கூடியதா, சொல்லும் துணிவு கூடியதா என்பதை எண் மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

வருமானத்தின் போக்கும் இவ்வாறே புதிராக உள்ளது. பெண் பொருளீட்டினால் வீட்டில் அவள் மதிப்பு உயரும், அடியும் குறையும் என எதிர்பார்ப்பது இயல்பு. பெங்களூரில் இளம் மணப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, வேலையின்றி இருந்து புதிதாக வேலைக்குச் செல்லத் தொடங்கிய மனைவிகளுக்கு வன்முறையின் அபாயம் கூடியதாகவே கண்டது. கணவனுக்கு வேலை கிடைப்பது அரிதாகும் தருணத்திலும் அபாயம் கூடிற்று. வீட்டில் அதிகாரம் கை மாறும் காலமே நெருக்கடியான காலம் என்பது இதனால் பெறப்படுகிறது. பெண்களுக்குக் கடனுதவி அளிக்கும் திட்டங்களை வகுப்போர் இதை மனத்திற் கொள்ளுதல் நலம்.

வீட்டுக்கு வெளியிலும் காரணிகள் உள. மூன்றாவது குடும்ப நல ஆய்வின் விவரங்களைக் கொண்டு 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, வீட்டில் கழிப்பிடம் இல்லாமல் திறந்த வெளிக்குச் செல்லும் பெண்கள், கழிப்பிடம் உள்ளவர்களைப் போல் இரு மடங்கு அளவில் கணவரல்லாத பிறரின் பாலியல் வன்முறைக்கு இலக்காவதைக் காட்டியது. கழிப்பிடம் கட்டுவதை வயிற்றுப்போக்குத் தடுப்பாக மட்டுமே எண்ணி வந்தவர்களுக்கு இது புதிய செய்தி.

வழக்கமும் சட்டமும்

தனி மனிதன், குடும்பம், ஊர், சமுதாயம் என ஒன்றையொன்று சூழ்ந்த நான்கு வட்டங்களாக இக்காரணிகளைப் பகுத்துக் காண்பது இத்துறையோரின் வழக்கம். வெளிவட்டமாகிய சமுதாயத்தின் மனப்பாங்கை அளப்பதற்கும் குடும்ப நல ஆய்வில் வழி செய்யப்பட்டுள்ளது. சொல்லாமல் வெளியே செல்லுதல், வீட்டைக் கவனியாதிருத்தல், சமையலில் குறை, தாம்பத்திய உறவுக்கு மறுத்தல் உள்ளிட்ட ஏழு காரணங்களைக் கூறி, இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்கப்பட்டது. நியாயமே என்ற ஆடவர் நூற்றுக்கு 44 பேர். பெண்கள் 45 பேர். அடிபடக் கூடியவர்களே அடியை நியாயமெனக் கருதும்போது அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன காரணம் கூறுவர் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

சட்டமும் இவ்வெளிவட்டத்தைச் சேர்ந்ததே. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த விலக்கு ஒன்று, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 63ஆம் பிரிவிலும் தொடர்கிறது. மனைவி 18 வயது நிரம்பியவளாயின் கணவனின் செயல் பலாத்காரக் குற்றமாகாது என்பதே அது. இவ்வயது வரம்பு முன்னர் 15 ஆக இருந்தது. 2017இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பினால் 18 ஆக உயர்ந்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மட்டும் மணவாழ்வில் நிகழும் பாலியல் கொடுமையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, பாதுகாப்பு ஆணை, இருப்பிட உரிமை முதலிய உரிமையியல் பரிகாரங்களை அளிக்கிறது. நூற்றுக்கு 82 பேர் சுட்டிக் காட்டிய நபரைக் குற்றவியல் கணக்கு ஏன் காண்பதில்லை என்பதற்கு இதுவே பெரும்பாலும் விடை.

மருத்துவமனை வாசலில்

இவ்வன்முறையின் விளைவுகள் உடற்காயத்தோடு நிற்பதில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கணவன் அல்லது துணைவனின் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் மனச்சோர்வு நோய் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது. எடை குறைந்த குழந்தையை ஈனும் வாய்ப்பு நூற்றுக்கு 16 பங்கு கூடுகிறது. தீராத வயிற்று வலி, உறக்கமின்மை, வெள்ளைப்படுதல், காரணம் புலப்படாத தலைவலி ஆகியவற்றோடு புற நோயாளிப் பிரிவில் மாத்திரை வாங்கிச் செல்லும் பெண்களுள் எத்தனை பேர் இவ்வகையினர் என்பது கேட்டாலன்றித் தெரியாது. கேட்பவரோ அரிது.

சிகிச்சைக்குக் காலக்கெடு உண்டு. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையை எவ்வளவு விரைவில் அளித்தாலும் நன்று. ஐந்து நாட்கள் வரை அளிக்கலாம். மஞ்சட்காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ்-பி, ரண ஜன்னி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி தேவை. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உடலிலிருந்து தடயம் எடுப்பதற்கு 96 மணி நேரத்தை வரம்பாகக் கொள்கின்றன. போலீஸில் புகார் செய்து வரட்டும் என்று திருப்பி அனுப்பப்படும் பெண் இழப்பது இந்த மணி நேரங்களையே. ஆகவேதான் அரசாங்க மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே இலவசமாகச் சிகிச்சை அளித்தாக வேண்டும் என்பது சட்டமாக்கப்பட்டது. மறுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை, அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

மருத்துவத் துறையே அபாயத்துக்கு மேல் அபாயம் விளைத்த வரலாறும் உண்டு. பெண்ணின் முன்னைய ஒழுக்கத்தை அறிவதாகக் கூறி இரு விரல்களால் செய்யப்பட்டு வந்த பரிசோதனைக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவுமில்லை. 2013இல் சுப்ரீம் கோர்ட்டு அதைக் கண்டித்தது. 2014இன் நெறிகள் அதை விலக்கின. 2022 அக்டோபரில் அதே நீதிமன்றம், இனி இச்சோதனையைச் செய்பவர் தவறான நடத்தை புரிந்தவராகவே கருதப்படுவார் என்று தீர்ப்பளித்தது. ஒரே விஷயத்தை மும்முறை சொல்ல வேண்டியிருந்தது என்பது பாடப் புத்தகங்களின் வலிமைக்குச் சான்று.

தடுப்பு முறைகளில் சோதித்துப் பார்க்கப்பட்டவை சிலவே. தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் பெண்களுக்குச் சிறு கடனோடு, வீட்டு வன்முறையைப் பற்றிய பயிற்சியையும் இணைத்து அளித்ததில், கணவன் அல்லது துணைவனின் வன்முறை பாதியாகக் குறைந்ததென 2006இல் அறிவிக்கப்பட்டது. உகாண்டாவின் கம்பாலா நகரில், ஆண் பெண் இரு பாலாரும் அதிகாரத்தைப் பற்றித் தெருவிலும் கடை வாசலிலும் கலந்து பேசும் இயக்கம் நடத்தப்பட்ட பகுதிகளில் கணவர் அடிப்பது ஏறத்தாழ பாதியளவே இருந்ததென 2014இல் வெளியான முடிவுகள் கூறின. கடன் மட்டும், அல்லது பிரசங்கம் மட்டும் அளித்த இடங்களில் இத்தகைய பலன் உறுதிப்படவில்லை.

இந்தியாவில் மருத்துவமனையையே தொடக்கமாகக் கொண்ட முயற்சி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்பையின் பாந்திரா பகுதியிலுள்ள பாபா மருத்துவமனையில் உருவான திலாசா நிலையமாகும். மாநகராட்சியும் ஸேஹத் என்னும் ஆராய்ச்சி நிறுவனமும் கூடி அதைத் தோற்றுவித்தன. தாதிகளுக்கும் மருத்துவர்களுக்கும் முதலில் பயிற்சி அளிக்கப்பட்டது. விஷம் அருந்தியவள், கையொடிந்து வந்தவள், அடிக்கடி கருச்சிதைவுற்றவள் ஆகியோரைத் தனியே அழைத்துக் கேட்கவும், அதே கட்டடத்திலுள்ள ஆலோசகரிடம் அனுப்பவும் அவர்கள் கற்றனர். மருத்துவமனைக்குச் செல்வதாகச் சொல்லிப் புறப்படும் பெண்ணை எவரும் சந்தேகிப்பதில்லை என்பது இந்த ஏற்பாட்டின் பெரும் வசதி. கேரளத்தில் 2009 முதல் மாவட்ட மருத்துவமனைகளில் பூமிகா என்ற பெயரில் இத்தகைய நிலையங்கள் இயங்கத் தொடங்கின. மும்பையில் தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் திலாசா பின்னர் மேலும் பல மாநகராட்சி மருத்துவமனைகளுக்கு விரிந்தது. 2015 முதல் மத்திய அரசாங்கம் மாவட்டந்தோறும் அமைத்து வரும் ஒரே இடச் சேவை மையங்களையும், 181 என்ற தொலைபேசி எண்ணையும் இரவிலும் பகலிலும் நாடலாம்.